செம்பு ஃபிட்டிங் வாங்குமுன்

பெரம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. தொட்டில் போடும் நாளை முன்கூட்டியே எழுது, நாங்கள் திருவொற்றியூருக்கு வந்துவிடுகிறோம். கீசரிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் செம்புக் குழாய் போடப்போவதாகவும், குழாய்களை இணைக்கப் பற்றவைக்கும் ஃபிட்டிங்குகளில் எதை வாங்குவது என்றும் கேட்டிருந்தாய்.

பாரிமுனைக் கடையில் 'அரை இஞ்ச்' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதே. ஏ.சி. மெக்கானிக்குகள் வாங்கும் அரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டர், அமெரிக்க முறைத் தண்ணீர்க் குழாயில் அதே அரை இஞ்ச்சுக்கு வெளிவிட்டம் 15.9, ஐரோப்பிய முறையில் அதற்கு ஈடானது 15. உருகிய சோல்டர் (பற்றவைக்கும் உலோகம்), குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் தானாகவே ஏறிப் பரவுவதால்தான் இணைப்பு பிடிக்கிறது. 15 மில்லிமீட்டர் குழாயை 15.9க்கான எல்போவில் (வளைவு ஃபிட்டிங்கில்) செருகினால் அது லொடலொடவென்று ஆடும். எவ்வளவு சோல்டர் ஊட்டினாலும் வழிந்து போகுமே தவிர நிற்காது. ஆகவே குழாயில் ஒரு துண்டை அறுத்துக் கையோடு எடுத்துச் சென்று, ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் செருகிப் பார்த்தே வாங்கு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இந்த ஃபிட்டிங்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளேயே சோல்டர் வளையம் பதித்திருக்கும். சூடேற்றினால் போதும், வாயோரத்தில் வெள்ளிக் கோடாக அது எட்டிப் பார்க்கும். மற்றதற்கு வெளியிலிருந்து சோல்டர் கம்பியை ஊட்ட வேண்டும். 15 மில்லிமீட்டர் குழாயில் ஓர் இணைப்புக்கு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நீளக் கம்பி போதுமானது. விலை குறைவு என்பதால் பெரும்பாலான இடங்களுக்கு இரண்டாவதையே நான் சொல்வேன். கை நுழையாத சுவர் மூலைகளுக்கு மட்டும் வளையம் வைத்ததை வாங்கிக்கொள்.

ரேடியோ வேலைக்கு விற்கும் ஈயம் கலந்த சோல்டர், குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் தண்ணீர்க் குழாய்க்கு அறவே கூடாது. ஈயமில்லாத வெள்ளீய-செம்புக் கம்பி சுமார் 227 டிகிரி செல்சியஸில் உருகும். சாதாரண கேஸ் டார்ச்சே அதற்குப் போதும். ஏ.சி. மெக்கானிக்கை அழைத்தால் அவர் பழக்கப்படி 700 டிகிரிக்கு மேல் காய்ச்சிப் பிரேசிங் என்னும் கடும் சூட்டுப் பற்றவைப்பைச் செய்வார். அந்தச் சூட்டில் குழாயின் விறைப்பு போய்விடும், வீட்டுத் தண்ணீருக்கு அது தேவையுமில்லை. பற்றவைக்குமுன் தடவும் பேஸ்ட்டின் மிச்சத்தைப் பின்னர் ஈரத்துணியால் துடைத்து, உள்ளேயும் தண்ணீர் விட்டு அலசச் சொல். இல்லையேல் அங்கே பச்சை பூக்கும்.

கீசரோடும் தண்ணீர் திறக்கும் டேப்போடும் குழாய் சேரும் இடத்தில் மரை வைத்த அடாப்டர் தேவைப்படும். உங்கள் பக்கத்துக் கிணற்று நீர் உப்பு நீர் என்பதால் சாதாரணப் பித்தளை வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, எஞ்சுவது சிவந்த சல்லடையாகிவிடும். கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) கிடைத்தால் வாங்கு. முதலில் பற்றவைத்து, ஆறிய பிறகே மரையில் டெஃப்லான் நாடா சுற்றி முடுக்க வேண்டும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஏதேனும் மிஞ்சியிருந்தால், தண்ணீர் வரும் வழியில் அது செம்புக்கு முன்னால் இருக்கட்டும். செம்பைத் தொட்டு வரும் தண்ணீர் ஜி.ஐ.யை விரைவில் அரித்துவிடும்.

குழாய் போகும் வழியை ஒரு தாளில் அளவுகளோடு வரைந்து அனுப்பு. எல்போ, டீ (மூன்று வாய் ஃபிட்டிங்), கப்ளிங் (நேர் இணைப்பு) எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்