வீட்டுப்பாடமும் செயற்கை நுண்ணறிவும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்பதைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை அவர்களே எழுதினார்களா, சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை உங்கள் நிர்வாகம் வாங்க விரும்புவதாகவும், மூத்த ஆசிரியர் என்ற முறையில் உங்கள் கருத்தைக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்றே சொல்லுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அத்தகைய கருவியொன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வாண்டில் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அக்கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்தன; அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் இப்பிழை மிகக் குறைவு. பழகிய சில சொற்களைக் கொண்டு எளிய வாக்கியங்களில் எழுதுவதே அக்கருவிகளின் கண்ணுக்குக் குற்றமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அத்தகையதுதானே?

காப்பியடிப்பது நமக்குப் புதிதன்று. முன்பு வகுப்பில் பாதி நோட்டுகளில் ஒரே பிழை இருந்தால் எந்தக் கைடிலிருந்து வந்தது என்பதை நாமே சொல்லிவிடுவோம். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வாக்கியம் கிடைத்துவிடுவதால் அந்த வசதி போயிற்று, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை வேறிடத்தில் இருக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு 2023இல் நடந்த ஆய்வைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நம் கணிதப் பாடத்தில் நடந்தது அது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்துப் பயிற்சி செய்தவர்கள், அது இல்லாதவர்களைவிடப் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது 17 விழுக்காடு பின்தங்கினார்கள். தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதையும் அவர்கள் உணரவில்லை. மூன்றாவது பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்குமாறு அமைக்கப்பட்ட கருவி தரப்பட்டது. அவர்கள் கருவி இல்லாதவர்களைவிடப் பயிற்சியில் 127 விழுக்காடு மேலாகச் செய்ததோடு, தேர்விலும் பெரிதாகச் சறுக்கவில்லை.

இரண்டு கருவிகளுக்கும் அடியில் இயங்கியது ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4 என்ற ஒரே மொழி மாதிரிதான். ஒவ்வொரு கணக்குக்கும் சரியான தீர்வு எது, மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்கள், அப்போது என்ன குறிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் தந்த விவரங்கள் இரண்டாவது கருவியில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தன. கரும்பலகை முன் நின்று இத்தனை ஆண்டுகளாக நாம் சேர்த்து வைத்திருப்பதும் இதைத்தான். மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் இத்தகைய குறிப்புகளைத் தொகுப்பதற்குச் செலவிடலாம் என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே பாடத்துக்கு மெல்லக் கற்போருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் தயாரிக்க நானும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறேன். வேலை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு விடையையும் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்கு எடுத்துச் செல்வதில்லை. தமிழில் கேட்டால் கலைச்சொற்கள் நம் பாடநூலில் உள்ளபடி வராததால் அவற்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் எக்காரணம் கொண்டும் அதில் உள்ளிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கலாமா? பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளையும், அந்த இடத்தில் நீங்கள் கேட்கும் கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள். வடிவியலுக்கு நான் எழுதத் தொடங்கிவிட்டேன். பொங்கல் விடுமுறைக்குள் கிடைத்தால், இரண்டையும் சேர்த்துத் திருப்புதல் தேர்வுக்கு முன் ஒரு பிரிவில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்