ஒன்பது கட்டுகள்

எங்கள் தெருவுக்கும், தெரு தாண்டியும் துணை நின்ற எல்லோருக்கும்,

நேற்று மாலை ஆடிட்டர் ஐயா கூப்பிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் நிரந்தரம்" என்று சொன்னார். வீடு வந்து சேர்ந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் என்ன நடந்தது, ஒன்பது வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்த பிறகு மறுபடி வேலை கேட்டு எத்தனை படி ஏறி இறங்கினேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி, பாபநாசம் பக்கத்து அரிசி ஆலையின் கணக்குப்பிள்ளைக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

2023 ஆடியில் அந்த ஆலைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். அடுக்கியிருந்த சிப்பங்களில் எல்லாம் 26 கிலோ என்று அச்சாகியிருந்தது. "இதென்ன ஐயா, 25 இல்லாமல் 26?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "25 கிலோ வரைக்கும் பையில் அச்சுப் போட்டு விற்றால் ஐந்து சதவீதம் வரி. போன வருடம் ஜூலை 18இல் வந்தது. ஒரு கிலோ கூட்டினால் வரி கிடையாது" என்றார்.

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு வருடம் கணக்குப் பார்த்தவள் நான். அந்த 26 கிலோப் பையை மாதாமாதம் பிரித்து டிரம்மில் கொட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கம் தாங்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன்.

அதுவரை என்னிடம் எல்லோரும் கேட்டது, ஏன் வேலையை விட்டீர்கள் என்றுதான். தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தில், "ஒன்பது வருடம் வீட்டில் சும்மாதானே இருந்தீர்கள்?" என்றே கேட்டார்கள். கணக்குப்பிள்ளை கேட்டது வேறு: "கடைசியாக எந்த வருடக் கணக்கை முடித்தாய் அம்மா?"

"2013-14."

அண்ணாந்து பரணைப் பார்த்தார். "அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது பில் கட்டு அங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று. மத்தியானத்தில் வா, முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

எடைமேடைக்கு அடுத்த அறையில் ஒன்பது மத்தியானம் உட்கார்ந்தேன். தவிட்டுத் தூசி பில்லின் மடிப்பிலெல்லாம் ஏறியிருக்கும். ஊதிவிட்டுத்தான் படிக்க வேண்டும். 2016 நவம்பர் பில்கள் பலவற்றின் மூலையில் 'பிறகு' என்று பென்சில் குறிப்பு: 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன நாட்கள். 2018 கட்டில், கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய கூரைத் தகட்டுக்கான பில். அந்த வாரம் நான் மாமியாரின் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு கணக்குதான், யார் கேட்டார்கள்!

நான் பயந்தது 2017-18 கட்டுக்கு. ஜூன் வரை வாட் என்ற பழைய விற்பனை வரி, அதற்கான பதிவு எண்ணான டின், எல்லாம் என் கைக்குப் பழகியவை. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணில் பதினொரு இலக்கம் இருந்த இடத்தில் பதினைந்து. விரல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் தம் பேனா மூடியால் அந்த எண்ணின் தலையை மறைத்தார். "33 என்றால் தமிழ்நாடு. டின்னிலும் இதுதான் இருந்தது." மூடியை நகர்த்தினார். "அடுத்த பத்து, ஆளுடைய பான் எண். தெரிந்ததுதானே? ஆக உனக்குப் புதிது கடைசி மூன்றுதான்."

மூன்றே மூன்று. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்; பக்கத்து இருக்கை அம்மா என்ன நினைத்தாரோ.

அதற்காக, சரக்கு அனுப்பும்போது இணையத்தில் போடும் இ-வே பில்லும் வரித் தாக்கல் படிவங்களும் தாமாக வந்துவிடவில்லை. அவற்றைக் கற்றுத்தந்தது, இப்போது நான் வேலைபார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் என் மூத்த மகளைவிட நாலு வயதே கூடிய பெண். 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. படிவத்தை ஒரு முறை தாக்கல் செய்தால் திருத்த வழியில்லை, அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட முடியும் என்று ஒவ்வொரு 20ஆம் தேதியும் பக்கத்தில் நின்று சரிபார்த்தவள் அவள். நாலு மணியிலிருந்து சின்னவளை வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, ஓடிவருவதைப் பார்த்து அரை நிமிடம் விசில் ஊதாமல் நின்ற நடத்துநர், இரவுச் சமையலைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட என் கணவர், "கல்யாணமானவளுக்கு எதற்கு" என்று சொல்லாத என் மாமனார்: எல்லோருக்கும் நன்றி.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலைபார்க்கும் அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நான் வேலையை விட்டபோது என் பழைய அலுவலகத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்களைப் போன்றவர்களுக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை, விலகல்தான் உண்டு. திரும்பி வரும் வழியை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அது ஒரு பரணில் கிடந்தது.

அடுத்த தெரு தங்கையே, உனக்குத்தான் இது. உன் கடைசி வருடம் 2018-19 என்று சொன்னாய். கணக்குப்பிள்ளை ஐயாவிடம் கேட்டுவிட்டேன். கட்டை இறக்க ஆள் இருந்தால் போதும் என்கிறார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆலை வாசலில் நிற்பேன். மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு துண்டு எடுத்து வா, தவிடு பறக்கும்.