கிண்ணம் இருக்கிறது, வலைதான் இல்லை

அன்புள்ள உறவுகளே, உதைபந்தாட்ட ரசிகர்களே,

கொழும்பில் நாங்கள் நடத்தும் கிண்ணப் போட்டிக்கு உங்கள் உதவியைக் கேட்கிறோம். ஏன் என்று கடந்த வருட அரையிறுதியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இடப்பக்க மூலையிலிருந்து அடித்த பந்து வலை ஓட்டையால் வெளியே பறந்து, கடலை வண்டிச் சில்லில் முட்டி நின்றது. ஒரு பக்கம் கோல் என்றார்கள், மறுபக்கம் கம்பத்துக்கு வெளியால் போனது என்றார்கள். நடுவர் வலையைப் பிடித்துப் பார்த்தார். முழங்கை வரை கை உள்ளே போனது. ஆட்டம் நாற்பது நிமிடம் நின்றது.

சட்டப் புத்தகப்படி வலை கட்டாயமில்லை. கோல் 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் இருந்தால் சரி. ஆனால் கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் மோதும் நாளில் வலை இல்லாமல் முடியுமா? முகத்துவாரக் கடற்காற்று கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. துருவைச் சுரண்டி நாங்களே பெயின்ற் அடிக்கிறோம். வலையை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மழை குறைந்த பெப்ரவரியில் 16 அணிகளோடு, தோற்ற அணி வெளியேறும் விலகல் முறையில் நடத்துகிறோம். 15 ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவர் ஒருவர், கோட்டு நடுவர் இருவர். ஆக 45 பேருக்கான கொடுப்பனவு. சென்ற முறை கடைசிக் கொடுப்பனவை இரண்டு மாதம் பிந்தித்தான் கொடுத்தோம். அது எங்கள் பிழை, திரும்பக் கூடாது.

1995இல் இந்தியாவை 1-0 என வென்று இலங்கை தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்ததும் இதே கொழும்பில்தான். 2023இல் பிஃபா தடையால் தேசிய அணி ஏழு மாதம் முடங்கியபோதும் எங்கள் ஒழுங்கைகளில் பந்து நிற்கவில்லை. கிரிக்கெட்டுக்கு அனுசரணையாளர்கள் வரிசையில் நிற்பார்கள்; எங்களுக்கு நீங்கள்தான்.

500 ரூபா என்றாலும் தாருங்கள், பற்றுச்சீட்டு உண்டு. பணம்தான் வேண்டும் என்றில்லை. 5ஆம் இலக்கப் பந்து, முதலுதவிப் பெட்டி, சுத்தமான ஐஸ் எதுவும் நல்லது. (போன முறை மீன் மணத்த ஐஸை முழங்காலில் வைத்த தம்பி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.) மேடைக்கும் பொன்னாடைக்கும் ஒரு சதமும் போகாது. இறுதியாட்டம் முடிந்த வாரமே கணக்கறிக்கை மைதான வாசலில் ஒட்டப்படும்.

மாலைப் பயிற்சி நேரத்தில் மைதானத்தில் பொருளாளரிடம் கொடுக்கலாம். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் முதல் ஆட்டத்துக்கே புது வலை கட்டிவிடுவோம்.

இங்ஙனம்,
கிண்ணப் போட்டி ஏற்பாட்டுக் குழு