அறுவை சிகிச்சை ஆய்வுகளில் பெண்களின் பெயர் எந்த இடத்தில் நிற்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் பட்டமளிப்பு விழாக்களின்போது பதக்கம் பெறும் மாணவிகளின் படங்களைத் தங்கள் நாளிதழின் கடலூர், புதுச்சேரிப் பக்கங்களில் பார்த்து மகிழ்கிறோம். அவர்களில் அறுவை சிகிச்சையைத் தங்கள் துறையாக எடுத்துக்கொள்ளும் பெண்கள், பின்னாளில் அத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி நம் பகுதியில் எவரும் பொதுவில் பேசிக் கேட்டதில்லை. மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க மருத்துவர்கள் ஆறு முன்னணி மருத்துவ இதழ்களில் எழுதிய கட்டுரைகளை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று, 2006ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. 1970க்கும் 2004க்கும் இடையே, கட்டுரையாசிரியர் வரிசையில், வேலையின் பெரும்பங்கைச் செய்தவருக்கு உரிய முதல் இடத்தில் பெண்ணின் பெயர் இருந்த விகிதம் 5.9 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. மகப்பேறு மருத்துவ இதழில் அது 40.7 சதவீதத்தை எட்டியது. அறுவை சிகிச்சைக்கான அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழிலோ 2.3 சதவீதத்திலிருந்து 16.7 வரைதான் வந்தது. அதே இதழில், ஆய்வை வழிநடத்திய மூத்தவருக்கு உரிய கடைசி இடத்தில் 0.7 சதவீதத்திலிருந்து வெறும் 6.7. அதன்பின் இருபது ஆண்டுகள் கடந்து எண்ணிக்கைகள் உயர்ந்திருக்கின்றன என்றாலும், முதல் இடத்தைவிடக் கடைசி இடத்தில் பெண்கள் குறைவு என்ற நிலை பிந்தைய ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்களே குறைவு, அதனால் கட்டுரைகளிலும் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வந்தவர்கள் செய்த வேலைக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது.

நம் நாட்டில் அறுவை சிகிச்சைக்கான முதுநிலைப் பட்டமான எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுவது, வார்டில் நோயாளிகளிடம் சம்மதம் பெற்று விவரம் சேகரிப்பது, கேஸ் ஷீட்டுகளைத் தேடி எடுப்பது, வீட்டுக்குத் திரும்பிய நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துப் புண் ஆறியதா என்று கேட்டுக் குறிப்பது என அத்தனையும் இரவுப் பணிக்கு இடையில் அந்த மாணவர் செய்கிற வேலை. அந்த ஆய்வேடுகளை வாங்கி, எண்ணிட்டு, அலமாரியில் அடுக்கியது எங்கள் பணி. முகப்பில் ஒரு மாணவியின் பெயர் இருக்கும். சில காலம் கழித்து அதே தலைப்பில், அதே நோயாளிகளின் விவரங்களோடு ஓர் இதழில் கட்டுரை வரும். அதில் அவர் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும், சிலவற்றில் நன்றியுரையில் மட்டும் இருக்கும். மாணவர்களுக்கும் இது நடந்தது. ஆனால் மாணவிகளுக்கு நடந்ததே நான் அதிகம் கண்டது. ஆய்வேட்டை முடித்த பெண், திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார், அல்லது கைக்குழந்தையோடு இருப்பார். கட்டுரையை எழுதி அனுப்புவது வேறொருவர் கைக்குப் போய்விடும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்கள்.

பெயரின் இடம் வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை கணக்கில் வர வேண்டுமானால், அவர் பெயர் முதல் மூன்று இடங்களுக்குள் இருக்க வேண்டியிருந்தது, அல்லது இதழோடும் வாசகரோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் தொடர்புக்குரிய கட்டுரையாசிரியராக அவர் இருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று இடங்களுக்குத்தான் துறைக்குள் நெரிசல். அதில் இடம் கிடைக்காத இளம் பெண் மருத்துவர், நாளைக்கு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபின் இணைப் பேராசிரியராக உயர்வதற்குக் கையில் கட்டுரை இல்லாமல் நிற்கிறார். மூத்த இடங்களுக்குப் பெண்கள் வந்து சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மண்ணிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் எனப் போற்றப்படும் டி.எஸ்.கனகா அவர்கள், சென்னையில் 1960களிலும் 70களிலும் பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்பிரமணியம் ஆகியோருடன் பணிபுரிந்தார். மூளையின் ஆழ்பகுதியில் செய்த அறுவை சிகிச்சைகளைப் பற்றி அக்குழு வெளிநாட்டு இதழ்களில் எழுதிய கட்டுரைகளில் அவர் பெயர் அவர்களுடைய பெயர்களோடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. அதனால்தான் இன்றும் அத்துறையின் வரலாற்றைத் தேடுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் கனகாவைக் கண்டடைய முடிகிறது. உடன் பணியாற்றிய பெண்ணின் பெயரை உரிய இடத்தில் எழுதுவதற்கு அன்றைக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

தமிழ்ப் பெண்களுக்கென்று தனியாக ஓர் இடர் உண்டு. நூலகர்கள் இதை நன்கு அறிவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். திருமணத்துக்குப் பின் பலர் கணவரின் முதலெழுத்துக்கு மாறுகிறார்கள், சிலர் கணவர் பெயரையே சேர்த்துக்கொள்கிறார்கள். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் ஒரே பெண் இரண்டு பேராகப் பிரிந்து போகிறார். முன்பு எழுதியவை பின்பு எழுதியவற்றோடு சேர்வதில்லை. எத்தனை பெண்கள் எழுதுகிறார்கள் என்று எண்ணும் ஆய்வுகளும் பெரும்பாலும் பெயரைக் கொண்டே பாலினத்தைக் கணிக்கும் மென்பொருளை நம்புகின்றன. முதலெழுத்துகளோடு வரும் நம் பெயர்களில் அது தடுமாறி, தெரியவில்லை என்று ஒதுக்கிவிடுகிறது. 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆர்கிட் (ORCID) என்னும், ஆய்வாளர்களுக்கான பதினாறு இலக்க அடையாள எண்ணை முதுநிலைப் படிப்பில் சேரும் நாளிலேயே பெற்றுக்கொண்டால், பெயர் எப்படி மாறினாலும் கட்டுரைகள் அவர் கணக்கிலேயே இருக்கும்.

எழுதுகிறவர் யார் என்பதைப் பொறுத்து எதை ஆராய்வது என்பதும் மாறுகிறது. எலும்பு அறுவை சிகிச்சையின்போது எக்ஸ்ரே கதிர்களுக்காக ஈயக் கவச உடை அணிகிறார்கள். அமெரிக்கப் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடையே மார்பகப் புற்றுநோய் பொதுவான பெண்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பதை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து எழுதியவர், அதே துறையைச் சேர்ந்த பெண்ணான லொரெட்டா சௌ. வழக்கமான கவசத்தின் கைத்துளை, மார்பின் மேற்புற வெளிப்பகுதியை மூடாமல் விடுகிறது என்பதும், மார்பகப் புற்று அதிகம் தோன்றும் இடமே அதுதான் என்பதும் அதன்பின் பேசப்பட்டன. அந்தக் கவசத்தை அணிந்து நம் ஊர் மருத்துவமனைகளிலும் பெண்கள் நிற்கிறார்கள்.

1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும், கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்தில் இயங்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், தனியார் கல்லூரிகளும் இதில் முன்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வேட்டிலிருந்து பிறக்கும் கட்டுரையில் ஆய்வேட்டை எழுதியவரே முதல் கட்டுரையாசிரியர் என்பதை, அவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால் ஒழிய மாற்ற முடியாத விதியாக்க வேண்டும். ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவுகளிலோ கணிசமான பங்களிப்பு, கட்டுரையை எழுதுவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர் என்று சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு வகுத்த நெறியை, ஆய்வு தொடங்கும் அன்றே குழுவினர் அனைவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். அறுவை சிகிச்சைத் துறைகளிலிருந்து வெளிவந்த கட்டுரைகளில் முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் எத்தனை பெண்கள் என்ற பட்டியலைக் கல்லூரிகள் ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும். நூலகத்தில் இருக்கும் பதிவுகளைக் கொண்டு சில நாட்களில் எடுத்துவிடக்கூடிய கணக்கு இது. அதற்கென்று தனியாக நிதி எதுவும் வேண்டியதில்லை.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரிய அறுவை சிகிச்சை நடந்ததாக மருத்துவமனைகள் செய்திக் குறிப்பு அனுப்பும்போது, துறைத்தலைவரின் பெயரோடு நிறுத்திவிடாமல், அதில் பங்கேற்ற மருத்துவர்கள் எல்லோருடைய பெயரையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.