கேஸ் மாத்திரையை யார் சேர்த்தது?

தங்கச்சிமடம்

அன்புள்ள நூர்ஜஹான்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கீழக்கரை மருந்துக்கடையை இனி நீயே நடத்தப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். இங்கே தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. அந்த 61 நாளில் ஆம்பளைகள் எல்லாரும் தள்ளிப்போட்டிருந்த வைத்தியத்தை முடித்துக்கொண்டார்கள். இப்போது கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயசாளிகளும்தான். நீ கேட்ட கேள்வியும் அவர்கள் சீட்டைப் பற்றியதுதான்.

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறவர் கேஸ் மாத்திரையான ஓமிப்ரசோலும் கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்டிருந்தாய். நான் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்பேன்: அந்த கேஸ் மாத்திரையை யார் சேர்த்தது, எதற்காகச் சேர்த்தது? நம்ம பக்கம் எந்தச் சீட்டானாலும் கறிவேப்பிலை மாதிரி ஒரு கேஸ் மாத்திரை விழுந்துவிடுகிறது. காய்ச்சலுக்கு ஒருவர் எழுதியது, மூட்டுவலிக்கு இன்னொருவர் எழுதியது, போதாததற்கு மனநல மருத்துவர் எழுதியது. நோயாளியோ மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருப்பார். யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருஷக்கணக்கில் ஓடும்.

முதலில் ஈரல் கணக்கு. ஓமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் ஈரலில் சிஒய்பி2சி19 என்கிற நொதியை மட்டுப்படுத்தும். சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் இரண்டையும் உடைத்து வெளியேற்றுவதில் அந்த நொதிக்குத்தான் பெரிய பங்கு. அது முடங்கினால் மாத்திரை உடம்பில் தேங்கும். ஓமிப்ரசோல் தினம் 30 மி.கி. சேர்த்தபோது எஸ்சிட்டலோபிராமின் இரத்த அளவு 50 சதவீதம் போலக் கூடியது. சிமெடிடின் என்கிற பழைய அமில மாத்திரையை 400 மி.கி. இரு வேளை சேர்த்தபோது 70 சதவீதம் போல. இது மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. 10 மி.கி. சாப்பிடுகிறவருக்கு உள்ளே ஏறக்குறைய 15 மி.கி. வேலை செய்கிறது என்று வைத்துக்கொள். இளவயசுக்காரருக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே 20 மி.கி. சாப்பிடுகிற 68 வயசுப் பாட்டிக்கு அப்படி விட்டுவிட முடியாது.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியரில் 100க்கு ஒரு சிலர்தான். தமிழர்களிடம் புதுச்சேரி ஜிப்மரில் செய்த ஆய்வுகளில் அது 100க்கு 10க்கும் மேல். அவர்களுக்கு ஓமிப்ரசோல் இல்லாமலே மாத்திரை தேங்கும். சாதாரண அளவிலேயே ஒருவர் "மாத்திரை தூக்கியடிக்குது" என்றால் அதை மனப்பிரமை என்று தள்ளாதே.

வெளியே எப்படித் தெரியும்? பகலில் அசதி, வியர்வை, குமட்டல், கை நடுக்கம். வலை பின்னுகிறவர்களுக்கு நடுக்கம்தான் முதலில் பிடிபடும். ஊசியில் வலை நரம்பு ஓடாது. எஸ்சிட்டலோபிராமின் அரை ஆயுள் (உடம்பில் அதன் அளவு பாதியாக ஆகும் நேரம்) சுமார் 30 மணி நேரம் என்பதால் இதெல்லாம் மறுநாளே வராது, ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த கேஸ் மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. நிறுத்தும்போதும் இதே கதைதான், தலைகீழாக. ஓமிப்ரசோலைச் சட்டென்று விட்டால் எஸ்சிட்டலோபிராமின் அளவு மெதுவாக இறங்கும். "தலை கிர்ருங்குது, உள்ளே கரண்டு அடிச்ச மாதிரி வெட்டுது" என்று வருவார்கள். அளவை மாற்றவே இல்லையே என்று டாக்டரும் குழம்புவார்.

ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள், நீயும் எழுதியிருக்கிறாய். ஆகாது. இரண்டும் வயிற்றில் மோதிக்கொள்வதாக இருந்தால் இடைவெளி உதவும். மோதல் ஈரலில், நொதியில். ஓமிப்ரசோலைக் கடைசியாகச் சாப்பிட்ட பிறகும் சில நாள் அந்த நொதி எழுந்திருக்காது. நேரத்தை மாற்றிப் பலனில்லை, மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்ற என்ன இருக்கிறது? பான்டோப்ரசோலும் ரபிப்ரசோலும் அந்த நொதியை மிகக் குறைவாகவே தொடுகின்றன. அமிலக் குறைப்புக்கு ஓமிப்ரசோல் 20 மி.கி. இருந்த இடத்தில் பான்டோப்ரசோல் 40 மி.கி. வைப்பது வழக்கம். லேசான எரிச்சலுக்கு ஃபாமோடிடின் போதும், நொதிப் பக்கம் போகாது; சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். ரானிடிடினுக்கும் நொதித் தொந்தரவு கிடையாது, ஆனால் புற்றுநோய் அபாயமுள்ள என்டிஎம்ஏ என்கிற பொருளின் கலப்புப் பிரச்சினையால் அமெரிக்காவில் 2020-ல் விலக்கிவிட்டார்கள், நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை. மாற்றுகிற முடிவு டாக்டருடையது, தெரியும். ஆனால் "சார், இவங்க எஸ்சிட்டலோபிராம் 20 சாப்பிடுறாங்க, ஓமிப்ரசோலுக்குப் பதில் வெறும் பான்டோப்ரசோல் போடலாமா?" என்று போனில் கேட்டால் வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் அபூர்வம்.

'வெறும்' என்கிற அந்த வார்த்தையை விட்டுவிடாதே. உன் கேள்வியில் இல்லாத விஷயம், எனக்கு ஓமிப்ரசோலைவிடப் பெரிய கவலை அதுதான். பான்டோப்ரசோல் என்று சொன்னால் நம் கடைகளில் கை தானாக 'டி' போட்ட அட்டைக்குப் போகிறது. அந்த 'டி' டோம்பெரிடோன், வாந்தியை அடக்குகிற மருந்து. பல காப்ஸ்யூல்களில் மெதுவாகக் கரையும் வடிவில் 30 மி.கி. இருக்கிறது. டோம்பெரிடோன் இதயத்தின் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் பார்க்கிற மின் இடைவெளி, ரொம்ப நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) நீட்டும். சிட்டலோபிராமும் எஸ்சிட்டலோபிராமும் அதையே செய்யும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் டோம்பெரிடோனை ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளைக்கு அதிகபட்சம் 3 வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சுருக்கியது. இங்கே அதை வருஷக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்குகிறார்கள். ஐரோப்பிய குறிப்பேட்டில் எஸ்சிட்டலோபிராமை க்யூடி நீட்டும் வேறு மருந்துடன் சேர்க்கவே கூடாது என்று இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோ 2012-ல் 60 வயசு தாண்டியவருக்கும், ஓமிப்ரசோல், சிமெடிடின் போன்றவை சாப்பிடுகிறவருக்கும் சிட்டலோபிராம் நாளைக்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது என்றது. எஸ்சிட்டலோபிராமுக்கு 65 தாண்டினால் 10 மி.கி. என்பது ஐரோப்பிய வரம்பு.

ஆக ஓமிப்ரசோலை எடுத்துவிட்டு 'டி' போட்ட பான்டோப்ரசோலைக் கொடுத்தால் ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்துவிட்ட கதைதான். வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கியவர், இதய நோய்க்காரர், கூடவே கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர் என்றால் அபாயம் இன்னும் கூடும். வயிற்றுப்புண் உண்டாக்குகிற ஹெச்.பைலோரி கிருமிக்கு 14 நாள் கிட் எழுதி வரும்போது இதைக் கட்டாயம் பார்: அதில் கிளாரித்ரோமைசின் இருக்கும், அது டோம்பெரிடோனின் அளவையும் ஏற்றிவிடும். படபடப்பு, மயக்கம், நிற்கும்போது கண் இருட்டுவது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ஈசிஜி. துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி 500 மில்லி செகண்டைத் தொட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டியதுதான்.

'எல்' போட்ட அட்டையும் உண்டு, ரபிப்ரசோலுடன் லெவோசல்பிரைடு 75 மி.கி. இது மூளையின் டோபமைனைத் தடுக்கிற மருந்து, கேஸ் மாத்திரைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, குழந்தை இல்லாமலே பால் சுரப்பது, முகம் இறுகி நடை சுருங்குவது, சோர்வு கூடுவது எல்லாம் இதனால் வரலாம். பழியெல்லாம் மனச்சோர்வு மாத்திரைமேல் விழும். வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோபிரமைடும் இந்த வகைதான்.

இனி மறுபக்கம். இதைப் படித்துவிட்டு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறவரைக் கண்டாலே கேஸ் மாத்திரையைப் பிடுங்கிவிடாதே. இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ள செரட்டோனின் வேண்டும். எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகள் அதைத் தட்டுக்குள் போகவிடாமல் செய்கின்றன. தனியாக இருக்கும்போது இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கொஞ்சம்தான் கூடுகிறது. வலிக்கான டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், இரத்தம் கட்டாமலிருக்கப் போடுகிற குளோபிடோக்ரெல் என்று ஒன்று சேர்ந்துவிட்டால் நன்றாகவே கூடும். ஐஸ்பெட்டி தூக்குகிறவரும் வலை இழுக்கிறவரும் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்காத வாரம் உண்டா? அப்படிப்பட்டவருக்குக் கேஸ் மாத்திரைதான் காவல். அங்கே வெறும் பான்டோப்ரசோல் தொடரட்டும், வலி மாத்திரையைப் பாரசிட்டமாலுக்கு மாற்ற முடியுமா என்று பார். டிரமடாலுக்கு மட்டும் மாற்றிவிடாதே, அது செரட்டோனினை ஏற்றி நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும். குளோபிடோக்ரெல் இருந்தால் ஓமிப்ரசோல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடுகிறது: அந்த மருந்து வேலை செய்யவே இதே 2சி19 நொதி வேண்டும். தார் நிறத்தில், பிசுபிசுப்பாக மலம் போகிறதா என்று கேட்டு வை. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் சேர்த்துக் கேள்.

வயசாளிகளிடம் சோடியத்தை மறக்காதே. எஸ்எஸ்ஆர்ஐயும் சோடியத்தை இறக்கும், கேஸ் மாத்திரையும் சில சமயம் இறக்கும், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் மூன்றாவது. சித்திரை வெயிலில் வியர்த்துக்கொட்டி வெறும் தண்ணீராகக் குடித்தால் கேட்கவே வேண்டாம். பேச்சு குழறுகிறது, தடுமாறுகிறார், ஆள் அடையாளம் மாறுகிறது என்றால் பெரும்பாலும் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். சோடியம் 135-க்குக் கீழே போயிருக்கிறதா என்று ஒரு இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். வருஷக்கணக்கான கேஸ் மாத்திரை பி12-ஐயும் மெக்னீசியத்தையும் குறைக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருந்தால் பி12 இன்னும் குறையும். பி12 குறைந்தால் அசதி, மனசு மந்தம், கால் மரப்பு. அதைப் பார்த்து மனச்சோர்வு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். மெக்னீசியம் குறைந்தால் மறுபடி க்யூடி.

மற்ற மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக: செர்ட்ரலின் பல நொதிகளில் உடைவதால் ஓமிப்ரசோலுடன் கொஞ்சம்தான் ஏறும். ஃப்ளூவோக்சமைன் எதிர்த்திசையில் ஓமிப்ரசோலை ஏற்றிவிடும். டுலோக்சட்டின் காப்ஸ்யூலை உடைத்துக் கரைத்துக் கொடுக்காதே. அதனுடன் அமில எதிர்ப்பி சேர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அமிட்ரிப்டிலின் 10, 25 மி.கி. தூக்கத்துக்கும் தலைவலிக்கும் ஓடுகிறதல்லவா, அது உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைத் தானே உண்டாக்கும். அதற்கு ஒரு கேஸ் மாத்திரை, வயிறு பிசைகிறது என்று டைசைக்ளோமின், கிளிடினியம் கலந்த இன்னொன்று, கடைசியில் மலச்சிக்கல், மூத்திரம் அடைப்பு.

எஸ்சிட்டலோபிராம் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னாலே பலருக்குச் சரியாகும். அதற்குப் போய்க் கேஸ் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை.

தேவையில்லாமல் ஓடுகிற கேஸ் மாத்திரையை எப்படி நிறுத்துவது? இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து "மாத்திரை இல்லாமல் முடியலை" என்று திரும்பி வந்துவிடுவார். டாக்டர் ஒப்புதலோடு பாதி அளவு 2 முதல் 4 வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் ஃபாமோடிடினோ ஜெலுசில் வகையோ. இதை அட்டையின் பின்பக்கமே எழுதிக் கொடு, வாயால் சொன்னால் வாசல்படி தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

நோன்பு பற்றிக் கேட்டிருந்தாய். பான்டோப்ரசோலை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். எழுந்ததும் மாத்திரை, அப்புறம் அடுப்படி வேலை, அப்புறம் சாப்பாடு. முடியாதவர்கள் நோன்பு திறந்ததும் மாத்திரையைப் போட்டு, கஞ்சிக்கு அரைமணி விடலாம். எஸ்சிட்டலோபிராம் ஒரு வேளை மருந்து என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டால் பகலைத் தொடாது. கருவாடு சாப்பிடலாமா என்று இங்கே வாரம் தவறாமல் கேட்கிறார்கள். எம்ஏஓ தடுப்பு என்கிற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளுக்குத்தான் பதப்படுத்திய உணவில் பத்தியம், எஸ்எஸ்ஆர்ஐக்குக் கிடையாது. பிரஷர் இருந்தால் உப்புக்காகக் குறைக்கச் சொல்.

கடைசியாக அலமாரி விஷயம். நெக்ஸிட்டோ என்கிற பிராண்டு எஸ்சிட்டலோபிராம், நெக்ஸ்ப்ரோ என்பது எசோமிப்ரசோல். கையெழுத்துச் சீட்டில் 'நெக்ஸ்'-க்குப் பின்னால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். அகரவரிசைப்படி அடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும், இருட்டு வேளையில் கை மாறும். இரண்டையும் வேறு வேறு தட்டில் வை, எப்போது சாப்பிடச் சொன்னார் என்று கேட்டுச் சரிபார். வெறும் வயிறு என்றால் பெரும்பாலும் எசோமிப்ரசோல், இரவு என்றால் டாக்டருக்கு ஒரு போன்.

உங்கள் ஊர் டாக்டர்கள் எந்தெந்த கேஸ் மாத்திரையை அதிகம் எழுதுகிறார்கள், அதில் எத்தனை 'டி', எத்தனை 'எல்' என்று ஒரு பட்டியல் அனுப்பு. பாம்பன் பக்கத்துச் சீட்டுகளை நான் குறித்துக்கொண்டிருக்கிறேன், சேர்த்துப் பார்ப்போம். உம்மாவுக்கு என் சலாம் சொல்லு. மற்றவை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
மரியா