மியன்மார் போய் வீடியோ எடுக்கும் தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

யாங்கோனில் எடுத்த உங்கள் வீடியோக்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது: "செய்தியில சொல்ற மாதிரி இங்க ஒண்ணும் இல்லைங்க, ஜனங்க சிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க." அந்தச் சிரிப்பை நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள் என்பது ஒன்று. சிரித்தவரையும் பேசியவரையும் உங்கள் வீடியோ மாட்டிவிடக்கூடும் என்பது அதைவிட அவசரம்.

ராணுவத்துக்கும் அதை எதிர்ப்பவர்களுக்கும் போர் நடப்பது பெரும்பாலும் சகாய்ங், ச்சின், ரக்கைன் போன்ற பகுதிகளில். 2023 ஏப்ரல் 11 அன்று சகாய்ங்கின் பாஸிஜி கிராமத்தில் ராணுவ விமானம் குண்டு போட்டு 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. யாங்கோனில் ஷ்வேடகான் புத்தக் கோபுரத்தடியில் நிற்கும்போது அது தெரியாது. நகரத்து ஒடுக்குமுறை சத்தமில்லாதது. 2023 ஜூன் 19, ராணுவம் கவிழ்த்த அரசின் தலைவர் ஆங் சான் சூச்சியின் பிறந்தநாள். அப்போது சிறையிலிருந்த அவரை நினைத்துத் தலையில் பூ வைத்துத் தெருவில் நடந்த பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் ஊரில் பூவுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அங்கே கேட்டார்கள்.

2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவம், அதே மாதம் தண்டனைச் சட்டத்தில் 505-அ என்ற பிரிவைச் சேர்த்தது. அச்சம் பரப்பினார், பொய்ச் செய்தி பரப்பினார் என்று சொல்லி 3 ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். பிடியாணை வேண்டாம், ஜாமீன் கிடையாது. ஃபேஸ்புக் பதிவுக்காகவே பலர் இதில் சிக்கினார்கள். டெலிகிராமில் ராணுவ ஆதரவாளர்கள் நடத்தும் சேனல்கள் இப்படிப்பட்டவர்களின் படத்தையும் முகவரியையும் போட்டுக் காட்டிக்கொடுக்கின்றன. காட்டிக்கொடுப்பவனுக்கு பர்மியத்தில் 'தலான்' என்று பெயர். உங்கள் வீடியோவைப் பார்க்கும் எல்லோரும் ரசிகர்கள் என்று எண்ணாதீர்கள்.

"அரசியல் கேட்க மாட்டோம், விலைவாசி மட்டும் கேட்போம்" என்பீர்கள். அதுவும் ஆபத்துதான். 2024இல் அரசு சொன்ன விலைக்கு மேல் அரிசி விற்றதாக வியாபாரிகளைப் பிடித்தார்கள். ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் நிர்வாகியும் அதில் உண்டு. வேலையாட்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்த கடைக்காரர்களைக்கூட, விலைவாசி ஏறுகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கியதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். டாலருக்கு 2,100 ச்சாட் (மியன்மார் நாணயம்) என்று அரசு விகிதம் இருக்க, வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியது. கட்டுக்கட்டாக நோட்டை விரித்துக் காட்டும் காட்சி உங்களுக்கு நல்ல தம்ப்நெயில். மாற்றிக்கொடுத்தவருக்கு அது வழக்கு.

இளைஞர்களிடம் பெயர், வயது, ஊர் கேட்பது நமக்கு மரியாதை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் ஆள்பிடிப்புக்கு அஞ்சி ஒளிந்தும் ஊர்விட்டு ஊர் மாறியும் திரிகிறார்கள். கேமரா முன்னால் "தம்பி, என்ன வயசு, எந்தப் பேட்டை?" என்று கேட்டால், ஆள்பிடிப்பவர் கேட்பதையே நீங்களும் கேட்கிறீர்கள்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது அனௌரதா சாலைக் காளியம்மன் கோயில் பக்கம் எடுக்கும் வீடியோக்கள். தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் கிடைத்ததும் உங்களுக்கு உற்சாகம். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று அவரும் மனம்விட்டுப் பேசிவிடுகிறார். ஆனால் யூடியூபின் தானியங்கி சப்டைட்டிலை மொழிபெயர்த்து யாரும் படித்துவிடக்கூடும். 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே குடியேறிய இனங்களுக்குத்தான் முழு உரிமை தருகிறது. அதனால் நம்மவர்களில் பலருக்கு அடையாள அட்டையே ஒரு தீராத தலைவலி. விசாரணை என்று வந்தால் அவர் முதலில் எடுத்து நீட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.

வீட்டில் தங்கச் சொல்லி அன்போடு அழைத்தாலும் போகாதீர்கள். இரவு விருந்தினரைப் பேட்டை நிர்வாகியிடம் பதியவேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரி 13 அன்று மீண்டும் வந்தது. நள்ளிரவுச் சோதனையில் பதியாத ஆள் இருந்தால் மாட்டுவது வீட்டுக்காரர். சோதனைச் சாவடிகளில் போனைத் திறந்து, தடைசெய்த தளங்களைப் பார்க்க உதவும் விபிஎன் செயலி இருக்கிறதா, ஃபேஸ்புக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஊர் திரும்பியபின் நீங்கள் பாசத்தோடு அனுப்பும் வீடியோ இணைப்பு அந்த வீட்டுக்காரர் போனில்தான் போய் உட்காரும்.

இனி, எடுத்த படத்துக்கு வருவோம். கேமராவில் இடப்பதிவை முன்பே அணைத்துவிடுங்கள். கார்டிலிருந்து அழித்தது மீண்டும் எடுக்கக்கூடியது. ஆகவே ஆபத்தான பேச்சைப் பதிவே செய்யாதீர்கள். முகத்துக்கு இலேசான ப்ளர் போதாது, முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள். ஆள் சட்டென்று திரும்பும்போது கட்டம் நழுவும். ஒரே ஒரு ஃபிரேமில் முகம் தெரிந்தாலும் போச்சு. கால் பங்கு வேகத்தில் ஓட்டி முழுவதையும் பாருங்கள். கடைப்பலகை, வண்டி எண், கண்ணாடியில் விழும் பிம்பம் எல்லாம் ஆளைக் காட்டும். குரலின் சுருதியை மாற்றினால் திரும்பப் பழையபடி ஆக்கிவிடலாம். அந்த ஒலியை எடுத்துவிட்டு, சொன்னதை உங்கள் குரலில் சொல்லுங்கள். வழிகாட்டியின் போன் எண்ணை விளக்கக் குறிப்பில் போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஏற்றினால் ஆபத்து தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீர்ந்தது உங்களுக்கு மட்டும்.

ஏற்கெனவே ஏற்றியவை இருந்தால், முதலில் வீடியோவைப் பிரைவேட் ஆக்குங்கள். அதே காட்சி ஷார்ட்ஸ், ரீல்ஸ், தம்ப்நெயில் எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கமெண்டில் யாராவது வீடியோவில் வருபவரின் பெயரையோ கடையையோ எழுதியிருந்தால் நீக்குங்கள். நகல் எடுத்துப் போட்ட சேனல்களிடமும் கேட்டு எடுக்க வையுங்கள். அவரைக் கூப்பிட்டு "வீடியோவை நீக்கிட்டேன்" என்று சொல்லவேண்டாம்.

அன்புடன்,
பர்மாவோடு உறவு விடாத சிலர்