ஹேண்டிலைத் திருப்பினால் அணையும் வண்டி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து என் மனது அந்தச் சாலையிலேயே நிற்கிறது. திரும்புவதற்காக ஹேண்டிலை ஒடித்த நொடியில் இன்ஜின், ஹெட்லைட், மீட்டர் எல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டன என்றாய். பின்னால் லாரி வெளிச்சம் வேறு. நீ வண்டியைத் தள்ளி ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பிப் போட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றிவிடட்டுமா என்று கேட்டாய். பொறு என்று மட்டும் சொன்னேன். மற்றதைப் போனில் விளக்க எனக்கு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எனக்கு இது பேட்டரியாகத் தெரியவில்லை அம்மா. வலுவிழந்த பேட்டரி பெரும்பாலும் இப்படிச் சாகாது. காலையில் செல்ஃப் திணறும், ரிலே டக்டக்கென்று அடிக்கும், ஹாரன் கம்மிப்போகும், விளக்கு மங்கும். நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போகும். எல்லாம் ஒரே நொடியில் போய் ஒரே நொடியில் திரும்பி வருகிறது என்றால், எங்கோ ஓர் இடத்தில் இணைப்பு விட்டு விட்டுச் சேர்கிறது. அதுவும் ஹேண்டிலைத் திருப்பும்போது! வண்டியே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சந்தேகம் தீர மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) அளந்து பார்த்துக்கொள். இரவு முழுக்கச் சும்மா நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் நிறைவாக இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே இறங்காமல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பும் இருக்கிறது. இன்ஜினை 4,000, 5,000 ஆர்பிஎம்மில் பிடித்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கிற பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது போட்டால், அடுத்த திருப்பத்தில் புதிய பேட்டரியோடு இருட்டில் நிற்பாய்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ ஆறாவது படித்த வருஷம் நம் பழைய வண்டி செய்த வேலை எனக்கு மறக்கவில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரியும், சார்ஜ் வோல்ட்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றும் மாற்றினேன். மாற்றிய நாலு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடி சார்ஜ் ஏறாது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை. சீட்டைக் கழற்றினேன். நீதான் டார்ச் பிடித்தாய், கை ஆடுகிறது என்று உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா?

இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர்கள் சேரும் கப்ளர் அது, ஒரு பாதியின் உலோகப் பின்கள் மறுபாதியில் செருகிப் பூட்டும் பிளாஸ்டிக் இணைப்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறி, ஓரம் உருகி வழிந்திருந்தது. இழுத்தால் வரவில்லை, இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்ல நெம்பிப் பிரித்தபோது மூன்றில் இரண்டு பின் பளபளவென்று புதிது போலவும், மூன்றாவது நீலமும் கறுப்புமாக வெந்துபோயும் இருந்தன. அந்த ஒயரின் மேலுறை இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த குச்சி மாதிரி விறைத்து, வளைத்ததும் நொறுங்கிவிட்டது. வருஷம் முழுக்க நான் தேடியது அந்த ஒரு பின்தான். பேட்டரியிலும் ரெகுலேட்டரிலும் குறையே இல்லை.

ஒரு பின் எப்படி இப்படி வேகும் என்று அன்றைக்கே கேட்டாய். சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். கப்ளருக்குள் பின்னும் அதைக் கவ்வும் சாக்கெட்டும் நன்றாக இறுகி இருக்கும்வரை அங்கே தடை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அதிர்வில் அந்தப் பிடி தளர்ந்தோ, ஈரம் புகுந்து களிம்பு ஏறியோ வெறும் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வை. அதில் 15 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். போனது சும்மா போகாது, 22 வாட் சூடாக மாறும். சின்ன சோல்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். ஏறக்குறைய அதே சூடு, தீக்குச்சித் தலை அளவு இடத்தில், வண்டி ஓடும் நேரமெல்லாம். சூட்டில் சாக்கெட்டின் கவ்வு இன்னும் தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும். ஒரு தடவை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

சரி, உன் வண்டிக்கு வருவோம்.

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் மெயின் பியூஸ் வழியாக இக்னிஷன் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்துதான் இன்ஜின் தீப்பொறி, விளக்கு, மீட்டர் எல்லாவற்றுக்கும் பிரிகிறது. அந்த ஸ்விட்ச் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அதாவது நீ திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் ஒயர்கள் கழுத்துப் பக்கத்தில் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கின்றன. உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்குச் சந்தேகம் முதலில் அங்கே, அடுத்தது ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ டேங்குக்கு அடியிலோ இருக்கும் இக்னிஷன் கப்ளரில்.

முதலில் பேட்டரி முனைகளின் போல்ட்டையும், பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தில் உட்காரும் போல்ட்டையும் இறுக்கிப் பார். அங்கே லூசாக இருந்தாலும் இதே மாதிரி அணையும். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் திருப்பு. அணைகிற கோணம் எது என்று குறித்துக்கொள். அதே கோணத்தில் பிடித்துக்கொண்டு, கழுத்தருகே ஒயர்க்கட்டை இரண்டு விரலால் அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே போ. எந்த இடத்தைத் தொட்டதும் மீட்டர் கண் சிமிட்டுகிறதோ அங்கே நில்.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு அந்த இடத்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழு. நல்ல ஒயர் நீளாது, உள்ளே செம்பு தாங்கும். செம்பு அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பர் போல நீண்டு கொடுக்கும். விரலில் அது பட்டதுமே உனக்குத் தெரிந்துவிடும். இதற்கு மல்டிமீட்டரே வேண்டாம்.

மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் நம்பாதே. முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அதற்கு ஒரு துளி கரண்ட் போதும். வண்டிக்குப் போதாது. ஒயரையும் கப்ளரையும் சோதிக்க வேண்டும் என்றால் சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். சாவி ஆன், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வெளியே வரும் ஒயரில், கப்ளரின் பின்பக்கமாக நுழைத்து வை. நடுவில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது நேராகத் தெரியும். மொத்தத்தில் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் கறுப்பு முனையை ஒவ்வொரு கப்ளராகப் பேட்டரியை நோக்கிப் பின்னால் கொண்டுவா. எந்தக் கப்ளரைத் தாண்டும்போது அளவு சட்டென்று விழுகிறதோ, அதுதான் திருடன். நல்ல கப்ளர் 0.1 வோல்ட்கூடத் தின்னாது. எர்த் பக்கமும் இதேபோல, கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை ஹெட்லைட்டின் எர்த் ஒயரில். எர்த்தை யாரும் பார்ப்பதில்லை, பாதி மர்மங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

அளப்பதற்காக ஊசியை ஒயரின் மேலுறையில் குத்தாதே. அந்தத் துளை வழியாக ஈரம் போய் அடுத்த வருஷம் அங்கேயே களிம்பு பிடிக்கும். இன்னொன்று, மேக்னட் காயில் ஒயர்களை இன்ஜின் ஓடும்போது கையால் தொடக் கூடாது. கப்ளரைக் கழற்றிய நிலையில் வேகம் கூடினால் அங்கே 50 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரும்.

கப்ளரில்தான் குறை என்றால், கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள். பேட்டரியில் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது மைனஸ் கடைசியில். கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காதே. பூட்டு நாக்கை அமுக்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைப் பிடித்துப் பிரி. உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் அது செம்பில் ஏறிய களிம்பு, தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்னின் மேல் கறுப்பாகப் பொடி மாதிரி படிந்திருந்தால் அதிர்வில் உரசி உரசி வந்தது. பழுப்பு என்றால் சூடு, அதை நீ இப்போது அறிவாய். ஒரு பின் மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பார். அதன் சின்னக் கொக்கி மடங்கியிருந்தால், வெளியே கப்ளர் டக்கென்று பூட்டிக்கொண்டாலும் உள்ளே அந்தப் பின் சேராது.

களிம்பும் கறுப்பும் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். உப்புத்தாள் போடாதே. பின்னின் மேல் வெள்ளீயப் பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டால் முன்னைவிடச் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். சாக்கெட்டின் வாய் அகன்றிருந்தால் மெல்லிய கொக்கி முனையால் கொஞ்சமே கொஞ்சம் உள்பக்கம் அழுத்து. தனியாக ஒரு பின்னைச் செருகி இழுத்துப் பார், கையில் ஒரு இறுக்கம் தெரிய வேண்டும். வெந்து நீலமாகிப்போனதை மட்டும் சுத்தம் செய்து திரும்பப் போடாதே. அதன் கவ்வும் சக்தி செத்துவிட்டது. புதுப் பின், புதுக் கப்ளர்தான்.

ஒயரைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போ. மேலுறைக்கு உள்ளே செம்பு கறுத்துக் கிடக்கும், அதன்மேல் எதைப் போட்டாலும் ஒட்டாது. புதுப் பின்னை, ஒயரோடு நசுக்கிக் கவ்வ வைக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்து. ஒரு ஜோடிச் சிறகு செம்பைக் கவ்வ வேண்டும், இன்னொரு ஜோடி மேலுறையைக் கவ்வ வேண்டும். சோல்டர் வைத்தால் உறுதி என்று நினைப்பார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல விறைக்க வைக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வில் ஒடியும். ஹேண்டில் கழுத்தில் அது வேண்டவே வேண்டாம். அறுந்த ஒயரும் அப்படியே. முறுக்கி டேப் சுற்றுவது வீடு வந்து சேர மட்டும்தான். வளைவு இல்லாத இடம்வரை வெட்டிவிட்டு, அதே தடிமனில் புது ஒயர் துண்டு சேர்த்துக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கிக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டு. இக்னிஷன் ஸ்விட்சின் வாயிலேயே அறுந்திருந்தால் ஒட்டுப்போட இடம் இருக்காது, ஸ்விட்சை ஒயரோடு மாற்றிவிடு.

மாட்டுவதற்கு முன் கப்ளரின் ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவு. அது கரண்டைக் கடத்தாது, ஈரத்தை விரட்டுவதுதான் அதன் வேலை, அதனால் அள்ளி அப்ப வேண்டாம். ஒயர்க்கட்டை ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டு. வண்டி கழுவும் இடத்தில் அந்த அழுத்தத் தண்ணீரை ஹெட்லைட் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் அடிக்க விடாதே. பியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும், 20 இருந்த இடத்தில் 30 போட்டால் பியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்.

இதை உன்னால் செய்ய முடியும். உன் கை என் கையைவிட நிதானமானது, சின்ன வயதில் நான் திட்டியது தப்பு. சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் உட்கார். அதுவரை வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போய் வா. டேங்கைக் கழற்றியதும் வீடியோ கால் போட்டு, போனை எங்காவது சாய்த்து வை. கப்ளரைப் பிரிக்கும்போது உள்ளே என்ன நிறம் என்று நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா